உப்புத்தாள் எழுத்து யாருக்காகப் பிறந்தது?

குழந்தையை மையமாக வைத்துப் பள்ளி நடத்துகிறோம் என்று சொல்லும் தாளாளர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

பதினெட்டு வருடமாகச் சிறப்பாசிரியையாக வேலை பார்க்கிறேன். ஆனாலும் இந்த மடலை எழுத வைத்தவள் என் தங்கை மகள்தான். டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்தவள். அவளுக்கு நான்கு வயது நடந்தபோது, உங்களுடையதைப் போன்ற ஒரு பள்ளியில் சேர்க்கலாம் என்று அழைத்துப் போனோம். "நீயும் வாக்கா, அவங்க சொல்றது உனக்குத்தான் புரியும்" என்று தங்கை என்னையும் கூப்பிட்டிருந்தாள். சேர்க்கைப் படிவத்தில் ஒரு கேள்வி: குழந்தையின் வளர்ச்சியில் குறைபாடு ஏதும் உண்டா? பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். தங்கை கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்துவிட்டு 'ஆம்' கட்டத்தில் குறி போட்டாள்.

தலைமையாசிரியை அன்பாகத்தான் பேசினார். காபி வரவழைத்தார், அவசரப்படுத்தவில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருந்த கால் மணி நேரமும் குழந்தை எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. தாழ்வான அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பலகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதில் ஒட்டியிருந்த உப்புத்தாள் எழுத்தின் மேல் ஆள்காட்டி விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். வளைவில் விரல் வழுக்கி வழவழப்பான பலகைக்குப் போய்விட்டால் நின்றுவிடுவாள். சொரசொரப்பைத் தேடிப் பிடித்து மறுபடி முதலிலிருந்து வருவாள். அப்படிச் செய்யும்படி அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"எங்க முறை இந்தக் குழந்தைக்கு ஒத்துவராதும்மா. இவளை மாதிரி பிள்ளைங்களுக்குன்னு இருக்கிற பள்ளியில சேர்த்தீங்கன்னா அவளுக்கும் நல்லது, உங்களுக்கும் நிம்மதி" என்றார் அந்த அம்மா. எழுந்து வந்து, பலகையை அவள் மடியிலிருந்து மெதுவாக எடுத்து அலமாரியில் வைத்தார்.

அந்தப் பலகை யாருக்காக உருவானது என்று அவருக்குத் தெரிந்திருந்தால் அந்த வார்த்தை அவர் வாயில் வந்திருக்காது என்று இன்றைக்கும் நம்புகிறேன். அதை உங்களுக்குச் சொல்லத்தான் இந்த மடல்.

கதை 1800-ல் தொடங்குகிறது. பிரான்ஸின் அவேரோன் பகுதிக் காட்டிலிருந்து பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பையன் வெளியே வந்தான். பேச்சு இல்லை, உடை என்று சொல்ல ஒரு கிழிந்த சட்டைதான். பாரிஸுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தின் மிகப் பெரிய மனநல மருத்துவரான பினெல் பரிசோதித்துவிட்டு, இவனைக் குணப்படுத்த வழியில்லை என்றார். இருபதுகளில் இருந்த இத்தார் என்ற மருத்துவர் அதை ஏற்கவில்லை. காது கேளாதோர் நிறுவனத்தில் வேலை செய்துகொண்டிருந்த அவர், பையனுக்கு விக்தோர் என்று பெயர் வைத்து ஐந்து வருடம் போலக் கூடவே உட்கார்ந்தார். கெரேன் என்ற அம்மா அவனைக் கவனித்துக்கொண்டார்.

இத்தார் எழுதி வைத்த ஒரு சம்பவத்தை என் மாணவிகளுக்கு ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். விக்தோருக்குத் தனித்தனி எழுத்துகளை அடுக்கிப் பழக்கிக்கொண்டிருந்தார். பால் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லில் நான்கு எழுத்து. ஒருநாள் அதை அடுக்கிக் காட்டினார், பையனும் அடுக்கினான், பால் கிடைத்தது. அது வெறும் பார்த்துச் செய்ததா, புரிந்து செய்ததா என்று அவருக்கே தெரியவில்லை. எட்டு நாள் கழித்து, வழக்கமாகப் பால் கிடைக்கும் ஒரு வீட்டுக்குக் கிளம்பியபோது, யாரும் சொல்லாமல் விக்தோர் அந்த நான்கு எழுத்துகளையும் எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். போய்ச் சேர்ந்ததும் மேசைமேல் வரிசையாக வைத்தான். பால்!

விக்தோர் கடைசிவரை சரளமாகப் பேசவில்லை. தான் தோற்றுவிட்டதாகவே இத்தார் நினைத்தார். ஆனால் அவரிடம் படித்த செகேன் அதே வழியில், 'அறிவு வளராது' என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளுடன் வேலை செய்து, புலன்கள் வழியாகப் போகும் ஒரு முழுக் கற்பித்தல் முறையை உருவாக்கி 1846-ல் புத்தகமாக வெளியிட்டார். பிறகு அமெரிக்கா போய்விட்டார். அவர் எழுதியதை ஐரோப்பாவில் அதிகம் பேர் படிக்கவில்லை.

படித்தவர்களில் ஒருவர் மரியா மாண்டிசோரி. ரோமில் மருத்துவம் முடித்தவர். மனநலக் காப்பகங்களில் பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைத்திருந்த குழந்தைகளைப் பார்த்து, இது மருந்தால் தீரும் விஷயம் இல்லை, கற்பித்தலால் தீர வேண்டிய விஷயம் என்று முடிவுக்கு வந்தார். 1900-ல் அப்படிப்பட்ட குழந்தைகளுக்கான பள்ளியின் பொறுப்பு அவரிடம் வந்தது. இரண்டு வருடம் போலக் காலை முதல் மாலை வரை அவர்களுடனேயே இருந்தார். இத்தாரையும் செகேனையும் இத்தாலிய மொழிக்குக் கொண்டுவந்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை கையாலேயே எழுதினார். அச்சடித்ததைப் படித்தால் வேகமாகப் போய்விடுவோம், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி எடைபோட வேண்டும் என்பதுதான் காரணம். அந்தக் குழந்தைகளுக்காக மரத்தில் எழுத்துகள் செய்து வண்ணம் பூசி, விரலால் தடவ வைத்தார். அவர்களில் சிலர் மற்றப் பிள்ளைகள் எழுதும் அரசுத் தேர்வையே எழுதித் தேறினார்கள்.

ஊரே அதை அதிசயமாகப் பேசியது. மாண்டிசோரிக்கு வந்த கேள்வி வேறு: என் பிள்ளைகளுக்கு இது முடிகிறது என்றால், எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகளை வழக்கமான பள்ளிகள் என்ன செய்து இவ்வளவு கீழே வைத்திருக்கின்றன? 1907 ஜனவரி 6 அன்று சான் லொரென்ஸோ என்ற ஏழைப் பகுதியின் அடுக்குக் குடியிருப்பில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லம் அந்தக் கேள்விக்குத்தான் விடை தேடியது. மர எழுத்து செய்ய அங்கே முடியவில்லை. அட்டையை எடுத்து, உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி ஒட்டினார்கள்.

அதுதான் என் தங்கை மகளின் மடியில் இருந்தது. காப்பகத்துக் குழந்தைகளிடம் மர எழுத்தாகச் சோதித்துப் பார்க்கப்பட்டு, அவர்களால் மெருகேறி, அப்புறம்தான் மற்றப் பிள்ளைகளுக்கு வந்த பொருள். ஒத்துவராது என்று சொல்லி எடுத்து வைத்தது அவளுடைய சொத்தைத்தான்.

இது ஒரே ஒருவரின் கதை என்று நினைத்துவிட வேண்டாம். பிரஸ்ஸல்ஸில் மருத்துவர் ஓவிட் டெக்ரோலி 1901-ல் முதலில் திறந்தது, அன்றைய பேச்சில் 'ஒழுங்கில் அடங்காத' குழந்தைகளுக்கான பள்ளி, அதுவும் தன் வீட்டிலேயே. குழந்தையின் ஆர்வத்தைச் சுற்றிப் பாடத்தை அமைப்பது, வாசிப்பை எழுத்தில் தொடங்காமல் முழு வாக்கியத்தில் தொடங்குவது, இதையெல்லாம் அங்கே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, ஆறு வருடம் கழித்து 1907-ல் மற்றப் பிள்ளைகளுக்கான பள்ளியைத் திறந்தார். அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்பே, சுவிட்சர்லாந்தின் ஸ்டான்ஸ் ஊரில் போரில் அநாதையான குழந்தைகளை வைத்துக்கொண்டு பெஸ்டலோட்ஸி என்ற கல்வியாளர் கற்பித்தார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித் தந்த இடம் அது. முற்போக்குக் கல்வி என்று நீங்கள் சொல்வதில் பாதிக்கு மேல், வேறு பள்ளி எதுவும் வேண்டாம் என்று தள்ளிய குழந்தைகளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது கிடைத்தது.

சிகாகோவில் ஜான் டூயி என்ற தத்துவப் பேராசிரியர் வந்த வழி வேறு. 1896 ஜனவரியில் 16 பிள்ளைகளோடு தன் சோதனைப் பள்ளியைத் தொடங்கினார். அதற்கு மேசை வாங்கக் கடை கடையாக ஏறி இறங்கியதை அவரே ஒரு பேச்சில் சொல்லியிருக்கிறார். எதுவும் சரிப்படவில்லை. கடைசியில் ஒரு கடைக்காரர், நீங்கள் கேட்பது பிள்ளைகள் உட்கார்ந்து வேலை செய்வதற்கான மேசை, எங்களிடம் இருப்பதெல்லாம் உட்கார்ந்து கேட்பதற்கானது என்றாராம். மேசை வியாபாரி ஒரே வாக்கியத்தில் மொத்தப் பள்ளிக்கூட அமைப்பையும் சொல்லிவிட்டார். உட்கார்ந்து கேட்பதற்காகச் செய்த வகுப்பில், அசையாமல் உட்கார முடியாத குழந்தை பிரச்சினைக்குரிய குழந்தை ஆகிவிடும். கைவேலை செய்யும் வகுப்பில் அதே குழந்தையை யாரும் தனியாகக் கவனிக்கக்கூட மாட்டார்கள். குறை குழந்தையிடம் இருக்கிறதா, மேசையிடம் இருக்கிறதா என்ற கேள்வியைத்தான் மாற்றுத்திறன் உரிமை இயக்கம் பல பத்தாண்டுகள் கழித்து வேறு சொற்களில் கேட்டது.

ஆனால் டூயியின் பள்ளியில் படித்தவர்கள் பெரும்பாலும் பேராசிரியர் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி வசதியானவர்கள்தான். அலபாமாவில் மரியெட்டா ஜான்சன் 1907-ல் தேர்வு இல்லாத, மதிப்பெண் இல்லாத, யாரும் தோற்காத பள்ளியைத் தொடங்கினார். டூயியே போய்ப் பார்த்துப் பாராட்டினார். அந்தப் பள்ளியில் கறுப்பினக் குழந்தைகளுக்கு இடம் இல்லை. குழந்தையை மதிக்கும் முறை கையில் இருந்தாலும், எந்தக் குழந்தை என்ற கேள்வியை வாசலிலேயே முடித்துவிட முடியும். இதைச் சொல்வதில் எனக்குச் சந்தோஷம் இல்லை, இவர்களிடம்தான் நானும் தொழில் கற்றேன்.

இன்னொரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். நம்மைப் பிரித்துவைத்த கருவியும் இதே காலத்தில்தான் பிறந்தது. வழக்கமான வகுப்பில் சிரமப்படும் பிள்ளைகளை அடையாளம் கண்டு உதவுவதற்காகப் பிரெஞ்சு அரசு 1904-ல் ஒரு குழு அமைத்தது. அதன் உறுப்பினரான உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே, சிமோன் என்ற மருத்துவருடன் சேர்ந்து 1905-ல் முதல் அறிவு அளவுகோலைத் தந்தார். அறிவு என்பது கூட்டவே முடியாத நிலையான அளவு என்று பேசுகிறவர்களை 1909-ல் அவரே கடுமையாக எதிர்த்து எழுதினார். பயிற்சியால் அது வளரும் என்பதுதான் அவர் நம்பிக்கை. ஆனால் அதே அளவுகோலை அமெரிக்காவுக்குக் கொண்டுபோன உளவியலாளர் ஹென்றி காடர்ட் போன்றவர்கள், குழந்தைகளைத் தரம் பிரித்து ஒதுக்கவும், இவர்கள் பிள்ளை பெறக் கூடாது என்று வாதிடவும் பயன்படுத்தினார்கள். உதவிக்காக எடுத்த அளவுகோல் ஒதுக்குவதற்கான சான்றிதழ் ஆயிற்று.

நல்ல மனதோடு தொடங்கியதும் அந்த வழிக்குப் போயிருக்கிறது. நியூயார்க்கில் எலிசபெத் ஃபாரெல் 1899 வாக்கில், ஒரு பெரிய பள்ளியின் எல்லா வகுப்பிலிருந்தும் தள்ளப்பட்ட, வயது மீறிய, முரட்டுப் பையன்களை ஒன்றுசேர்த்து படிநிலையற்ற வகுப்பு ஒன்றை நடத்தினார். அதாவது, இந்த வகுப்பு, அந்த வகுப்பு என்ற படிநிலை இல்லாதது. புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, மரமும் கருவியும் வண்ணமும் கொடுத்தார். ஒவ்வொரு பையனின் வீட்டையும் உடல்நிலையையும் விசாரித்தார். அருமையான வேலை. ஆனால் அப்படி ஒரு வகுப்பு பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்ததும், மற்ற ஆசிரியர்களுக்குத் தங்கள் வகுப்பை மாற்ற வேண்டிய தேவை போய்விட்டது. தனி வகுப்புகள் பெருகின. திரும்பி வரும் வழி குறைந்தது. பதினெட்டு வருட வேலையில் இதை நானே எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்: பக்கத்து அறையில் நான் இருக்கிறேன் என்பதே, பொது வகுப்பு ஆசிரியர் ஒரு குழந்தையை என்னிடம் அனுப்பிவிட்டு நிம்மதியாவதற்குக் காரணம் ஆகிவிடும்.

இந்த இரண்டு கிளைகளும், அதாவது எல்லாக் குழந்தைக்கும் இடம் தரும் முறையும் பிரிக்கும் பழக்கமும், திரும்பச் சந்தித்தது 1970-களில். மியூனிக்கில் தியோடர் ஹெல்ப்ரூகே என்ற குழந்தை மருத்துவர் 1970-ல், குறைபாடு உள்ள குழந்தைகளும் இல்லாத குழந்தைகளும் ஒன்றாகப் படிக்கும் மாண்டிசோரி பள்ளியைத் தொடங்கினார். பல வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில், ஆளுக்கொரு வேலை என்று ஏற்கெனவே இருக்கும் வகுப்பில் இன்னும் ஒரு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது என்பதுதான் அதன் பலம்.

இத்தாலியில் நடந்தது இன்னும் பெரிது. டஸ்கனி மலையில் பார்பியானா என்ற சிற்றூரில், அரசுப் பள்ளிகள் தோற்கடித்து அனுப்பிய ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு லொரென்ஸோ மிலானி என்ற பாதிரியார் பள்ளி நடத்தினார். அந்த மாணவர்களில் எட்டுப் பேர் சேர்ந்து, தங்களைப் பெயிலாக்கிய ஆசிரியை ஒருவருக்கு எழுதுவதுபோல் ஒரு நீண்ட மடலை 1967-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். நோயாளியை விரட்டிவிட்டு ஆரோக்கியமானவனைக் கவனிக்கும் மருத்துவமனைபோல உங்கள் பள்ளி இருக்கிறது என்பது அதன் குற்றச்சாட்டு. நாடே அதைப் படித்தது. பத்து வருடம் கழித்து வந்த 1977-ஆம் ஆண்டின் 517-ஆம் சட்டம், குறைபாடு உள்ள பிள்ளைகளைப் பொது வகுப்புக்குக் கொண்டுவந்து, அவர்களுக்கு ஆதரவு ஆசிரியரையும் தந்தது. அதே சட்டம் கட்டாயக் கல்வி வகுப்புகளில் மறுதேர்வையும் எண் மதிப்பெண்ணையும் நீக்கியது. இரண்டும் ஒரே சட்டத்தில் வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. தர வரிசை போடும் வகுப்பில் எல்லோரையும் சேர்த்து உட்கார வைத்தால், கடைசி இடம் யாருக்கு என்பது முதல் நாளே முடிவாகிவிடும்.

அதே இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா நகரத்தின் மழலையர் பள்ளிகளை நீங்கள் நன்றாகவே அறிவீர்கள். உங்களில் பலர் சுவரில் அவர்கள் பாணியில் பிள்ளைகளின் வேலையை மாட்டி வைத்திருக்கிறீர்கள். அங்கே குறைபாடு உள்ள குழந்தைகளைச் 'சிறப்பு உரிமைகள் உள்ள குழந்தைகள்' என்று அழைக்கிறார்கள், சேர்க்கையில் அவர்களுக்குத்தான் முதல் இடம். இதை மட்டும் ஏன் நாம் எடுத்துக்கொள்ளவில்லை?

1994 ஜூனில் ஸ்பெயினின் சலமாங்கா நகரில் 92 அரசுகளும் 25 சர்வதேச அமைப்புகளும் கூடி வெளியிட்ட அறிக்கை, சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளைப் பொதுப் பள்ளிகள் ஏற்க வேண்டும் என்று சொன்னதோடு நிற்கவில்லை. எப்படி ஏற்பது என்பதற்கும் பதில் சொன்னது: குழந்தையை மையமாகக் கொண்ட கற்பித்தல் வழியாக. உங்கள் விளம்பரப் பலகையில் இருக்கும் அதே சொற்கள்! 2006-ல் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவு அதை உரிமையாகவே எழுதியது.

உங்கள் தரப்பில் இருக்கும் சிரமத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆள் போதாது, பயிற்சி போதாது, மற்றப் பெற்றோர் முணுமுணுப்பார்கள். ஒரு குழந்தை திடீரென்று அலறினால் ஒரே ஆசிரியை இருபது பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? நியாயமான கேள்விதான். சும்மா உள்ளே உட்கார வைத்துவிட்டு, எந்த உதவியும் இல்லாமல், சேர்த்துக்கொண்டோம் என்று கணக்குக் காட்டும் பள்ளிகளையும் பார்த்திருக்கிறேன். அது ஒதுக்குவதைவிட மோசம். காது கேளாத குழந்தைக்குச் சைகை மொழி பேசும் ஆட்கள் வேண்டும், அவள் மொழியில் பேசும் தோழிகள் வேண்டும். அது இல்லாத வகுப்பு எவ்வளவு அன்பாக இருந்தாலும் அவளுக்குத் தனிமைதான். அதனால் எல்லாக் குழந்தையையும் நாளைக் காலையே சேர்த்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை.

கேட்பது இதுதான். "எங்களிடம் இன்னும் ஆள் இல்லை" என்று சொல்லுங்கள், அது உண்மையாக இருக்கலாம், சரிசெய்யவும் முடியும். "எங்கள் முறை ஒத்துவராது" என்று மட்டும் சொல்லாதீர்கள், அது வரலாற்றின்படியே தவறு. ஒரு வகுப்புக்கு ஒரு குழந்தை என்றாவது தொடங்குங்கள். ஆதரவு ஆசிரியரை அந்தக் குழந்தைக்குக் காவல்போல் பக்கத்தில் ஒட்டவைக்காமல், வகுப்புக்கே பொதுவாக விடுங்கள். இத்தாலிச் சட்டத்தின் நோக்கமும் அதுவே. என்னைப் போன்றவர்களைத் தனி அறையில் உட்கார வைக்காமல் உங்கள் அறைக்குள் கூப்பிடுங்கள், வருவோம். ஆறு வயதுக் குழந்தை நான்கு வயதுக்கான வேலையைச் செய்தால் யாரும் திரும்பிப் பார்க்காத அறை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அது மற்றப் பள்ளிகளுக்குக் கனவு.

இப்போது என் தங்கை மகளுக்கு ஏழு வயது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாதாரணப் பள்ளியில் படிக்கிறாள். மாண்டிசோரி என்ற பெயரைக்கூடக் கேட்டிராத ஓர் ஆசிரியை, அவளுக்காக அட்டையில் மணலை ஒட்டி எழுத்து செய்து வைத்திருக்கிறார். இப்போது வகுப்பில் பாதிப் பேர் அதைத் தடவித்தான் எழுதுகிறார்களாம்.

கடைசியாக அந்தப் படிவம். குறைபாடு உண்டா, இல்லையா என்ற கட்டங்களைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். மருத்துவ விவரம் வேண்டுமென்றால் சேர்த்த பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அந்த இடத்தில் வேறு ஒரு கேள்வி போடுங்கள், நான்கைந்து வரி எழுதுமளவு இடமும் விடுங்கள்: உங்கள் குழந்தை எதைக் கையில் எடுத்தால் நெடுநேரம் கீழே வைக்க மாட்டாள்?

அன்புடன்,
ஒரு சிறப்பாசிரியை